சாமைச் சோறும் சுகர் மாத்திரையும்

வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சுகர் பார்ப்பது என் வேலை. என்னைக் கண்டதும் உட்காரச் சொல்பவர்களும் உண்டு, தோட்டத்துப் பக்கம் நழுவுகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் சுகர்தான், அதனால் கூச்சப்படாமல் படியுங்கள்.

கூடுதலாக ஒரு தட்டு

நைனார்பாளையத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராமலிங்கம் அண்ணனுக்குச் சுகர் இருநூற்றைம்பது. மாத்திரையோடு சாமைச் சோறும் சாப்பிடுங்கள் என்றேன். மறுமாதம் பார்த்தால் முந்நூறு. விசாரித்தேன். வழக்கமான அரிசிச் சோற்றை முடித்துவிட்டு, மேலே ஒரு தட்டு சாமையும் சாப்பிட்டிருக்கிறார். ஏன் அண்ணா இப்படி என்றதும் நிஜமாகவே குழம்பிப்போனார். "நீ சாமை துன்னச் சொன்ன. சோத்த வுடச் சொல்லலியேம்மா."

விற்காத மூட்டை

கல்வராயன் மலையில் சின்னப்பொண்ணு அக்கா வருஷா வருஷம் சாமை விதைப்பவர். அவருக்கே சுகர். விளைந்தது மொத்தமும் வியாபாரிக்குப் போகிறது. வீட்டில் மூன்று வேளையும் அரிசி. சாமையை உமி போகக் குத்த உடம்பில் தெம்பில்லை என்றார். நியாயம்தான். அடுத்த அறுப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே மில்லுக்குக் கொண்டுபோய் உமி நீக்கி வந்திருக்கிறார். அந்த முறை சுகர் நன்றாகவே இறங்கியிருந்தது. "வியாபாரி அந்த மூட்டையையும் கேட்டாரு. இது எங்க வவுத்துக்குன்னு சொல்லிட்டேன்."

வண்டிக்காரரின் கால்

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு மாட்டுவண்டியில் கரும்பு கொண்டுபோகும் கோவிந்தனுக்கு, சாமைமேல் என்னைவிட நம்பிக்கை ஜாஸ்தி. என்னிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் போனேன். கால் கட்டைவிரலில் புண். அவருக்கு வலியே தெரியவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் அவர் மனைவி, சாமையைச் சொன்னவள் நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. தினமும் புண்ணுக்குக் கட்டு. சாமையை விடவில்லை, அளவைத்தான் குறைத்தோம். மூன்று மாதத்தில் புண் ஆறிச் செருப்புப் போட்டார். அன்று அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கோவிந்தன் காலைத் தடவியபடி சொன்னார்: "மாத்திரை ஒரு மாடு, சாமை ஒரு மாடுங்க. ஒத்த மாட்டப் பூட்டிக்கினு லோடு ஏத்தினது என் தப்பு."

சுகர் இறங்கினால் பேர் சாமைக்கு, ஏறினால் பழி இந்த ஊசிக்காரிக்கு என்றாலும், இறங்குகிற வீடுகள் கூடிக்கொண்டே வருவதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.