ஒரு கரண்டிக் கூழ்

இந்த ஊரில் வயிற்றுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. ஸ்டாக்ஹோம் வந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு வருடமாக எது தின்றாலும் உப்புசம். டயட்டீஷியன் பெண்மணி ஒரு நோட்டைக் கொடுத்து, தின்றதை இடப்பக்கமும் வயிறு பண்ணிய ரகளையை வலப்பக்கமும் எழுதி வரச் சொன்னார். வலி எங்கே என்று ஒரு கட்டம் வேறு. மானக்கேடுதான், ஆனாலும் எழுதினேன். இடப்பக்கம் முழுக்க ரொட்டி, சீஸ், பாக்கெட்டில் வரும் இறைச்சி.

"சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். எங்கள் ஊர் படாளத்தில் அம்மா கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு காய்ச்சி, மோர் ஊற்றிக் கொடுக்கும் கூழைச் சொன்னேன்.

"கெட்டுப்போனதையா? அவ்வளவு வறுமையா?"

அட, இவர்களே தினமும் காலையில் 'ஃபில்' என்று புளித்த பாலைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறவர்கள். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு விளக்கினார். குடலில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் போடும் தீனிக்கேற்பச் சில பெருகும், சில அருகும். பழக்கம் விட்டுப்போன சாப்பாட்டைத் திடீரென்று வயிறு முட்டத் தின்றால் உப்பும், வலிக்கும். சாப்பாட்டில் குற்றம் இருக்க வேண்டுமென்பதில்லை.

நாலு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது ஆசையில் மூணு சொம்பு கூழ் குடித்தேன். சாயங்காலம் வயிறு கல்லாகிச் சுருண்டு படுத்தேன். "கை கழுவுனியா இல்லியா? இன்னா தண்ணியில கரைச்ச?" என்று அம்மாவிடம் தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மறுநாளிலிருந்து அவள் எனக்கு உலை வைக்கவில்லை. தினமும் மதுராந்தகத்துக்கு பஸ் ஏறி, ஓட்டல் இட்லியும் பாட்டில் தண்ணீரும் வாங்கி வந்தாள். "என் கைதான் உனுக்கு ஒத்துக்கல நைனா. இத்த துன்னு" என்றாள். நான் கிளம்பிய அன்று, கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் என் கன்னத்தைத் தொட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அவள் கையில் குற்றமில்லை, என் வயிறுதான் ஊர் மாறிவிட்டது என்று இனி யாரிடம் சொல்வேன்?

கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கச் சொல்லியிருக்கிறார் டயட்டீஷியன். தமிழ்க் கடையில் மாவு வாங்கிக் கரைத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். இந்தக் குளிரில் புளிக்கவே மூன்று நாளானது. இன்று காலை ஒரு கரண்டி குடித்தேன். அம்மா சொம்பில் ஊற்றியதை இனி இப்படிக் கரண்டியில்தான் குடிக்க வேண்டும். வயிறு ஒன்றும் செய்யவில்லை. நோட்டை எடுத்து இடப்பக்கம் கூழ் என்று எழுதினேன். வலப்பக்கம், வலி எங்கே என்ற கட்டத்தில், யோசிக்காமல் தமிழில் எழுதிவிட்டேன்: படாளத்தில்.