விளாங்குடி நிறுத்தத்தில் என் படம்

சட்டக் கல்லூரியில் எனக்கு இரண்டு அரியர். கம்பெனிச் சட்டத்தில் ஒன்று, சொத்துரிமைச் சட்டத்தில் ஒன்று. அடுத்த தடவையே எழுதிப் பாஸ் செய்துவிட்டேன் என்றாலும் மதிப்பெண் பட்டியலில் அந்தத் தழும்பு போகாது. வீட்டில் மூச்சு விடவில்லை. அப்பா தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷமாகக் குமாஸ்தா. "எம் மகதேன் வகுப்புல மொத ஆளு" என்று கோர்ட்டு டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அவரிடம் அப்படி அளந்தது நான்தான்.

சென்னையில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது மட்டும் பொய் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது; அரியர் விவரத்துக்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. நேர்காணலில் மூத்த வக்கீல் அம்மா ஒருவர் ஏன் தோற்றாய் என்று கேட்டார். "படிக்கலை மேடம்" என்றேன். காய்ச்சல், குடும்பக் கஷ்டம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல, சிரித்துவிட்டார். பிறகு ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் கேஸ் கட்டுகளைப் பத்து வயதிலிருந்து படித்தவள் நான். அவர்களுக்கே தெரியாத ஓட்டையையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. என்னை எடுத்துக்கொள்ள விருப்பம், ஆனால் மதிப்பெண் குறைவென்பதால் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும், கடிதம் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். கடிதம் இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் காலை விளாங்குடி பஸ் நிறுத்தத்தில் பத்தடி உயரத்துக்கு நான் நின்றேன். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ். மகளுக்கு வேலை என்றால் சும்மா இருப்பாரா? கருப்புக் கோட்டில் நான், கீழே கைகூப்பியபடி அப்பாவும் சித்தப்பாக்களும். 'தங்கப் பதக்கம் வென்று' சென்னை போகும் குலவிளக்குக்கு வாழ்த்தாம். வகுப்பில் முதல் ஆள் என்றால் பதக்கம் இருக்கத்தானே வேண்டும் என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். நிறுவனத்தின் பெயரும் பளிச்சென்று இருந்தது. அனுமதியில்லாமல் பேனர் வைக்கக் கூடாது என்பது கோர்ட்டிலேயே கிடக்கும் மனிதருக்குத் தெரியாதா என்ன? சந்தோஷத்தில் சட்டமாவது ஒன்றாவது.

கல்லூரித் தோழி ஒருத்தி அதைப் படமெடுத்து, நிறுவனத்தின் பெயரையும் கோத்து இணையத்தில் போட்டாள். சாயங்காலத்துக்குள் அவர்களிடமிருந்து மின்னஞ்சல். எங்களிடம் அரியர் என்றீர்கள், ஊரில் தங்கப் பதக்கம் என்கிறீர்கள், எழுத்து மூலம் விளக்கம் தேவை.

அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த வேகத்திலேயே பதில் எழுதினேன். ஆதாரமாக வைக்க அப்பாவின் பெயரில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தயார் செய்தேன். அதில், என் மகள் இரண்டு பாடங்களில் தோற்றவள் என்று தெரிந்தும் அதை மறைத்துத் தவறாக விளம்பரம் செய்தேன் என்று ஒரு வரி. மறைத்தவள் நான், ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவர். தட்டச்சு செய்யும்போது விரல் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எத்தனையோ பேருக்கு இப்படிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவர். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ரெண்டு பாடத்துல பெயிலுன்னு போட்டிருக்கியே ஆத்தா. கம்பெனிக்காகப் போட்டதா?"

"இல்லப்பா. நெசந்தான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. தேதி போட்டு, 'படித்துப் பார்த்து உண்மையென ஒப்புக்கொண்டேன்' என்ற வழக்கமான வாசகத்தையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு பேனரை அவிழ்க்கப் போனார்.

இரண்டு நாள் கழித்து, தற்போது யாரையும் எடுக்கவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"நான் எழுதிக் குடுத்தது பத்தலையோ என்னமோ" என்றார். "எல்லாத் தப்பும் என்னோடதுதேன்னு இன்னொண்ணு எழுதித் தாரேன். அனுப்பிப் பாரு ஆத்தா."