மாடிஃபைடு வண்டி

வலங்கைமான் பக்கம் 'மாடிஃபைடு' என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு சொல்லி மாளாது. சைலன்சரை மாற்றிக் காது கிழிய ஓட்டினால் மாடிஃபைடு பைக். டிராக்டருக்கு மேலே கூரை போட்டால் மாடிஃபைடு டிராக்டர். தலைக்கு மை பூசி வந்த மாப்பிள்ளையைக்கூட அப்படித்தான் கேலி பேசுவார்கள். முன்பு இருந்ததைவிட ஒசத்தி என்று அர்த்தம். இந்த அர்த்தத்தை ஊருக்குள் பரப்பியதில் முதல் ஆள் வெல்டர் ரெத்தினம்.

பட்டறை வாசலில் அந்தச் சொல்லைத்தான் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் அவரைப் படாதபாடு படுத்தியிருந்தது. அதற்குப் பழிவாங்குகிறவர்போல இந்த ஒரு சொல்லை வாய் ஓயாமல் சொல்வார். கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே ஓட்டுகிறவன் அவரைப் பொறுத்தவரை விவரம் கெட்டவன்.

குறுவை நடவுக்கு முன்னால் பரிதி தன் லோடு வண்டியைக் கொண்டுவந்தான். வயலுக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன்.

"எடம் பத்தலண்ணே, பின்னாடி கொஞ்சம் நீட்டிக் குடுங்க."

நீட்டினார். பின்சக்கரத்தையும் தாண்டி ஒரு மேடை, ஏறுவதற்குப் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி. முதல் ஆளாக ஏறி அந்த மேடையின் கடைசியில் உட்கார்ந்தது அவர் மனைவி அம்சவல்லி. நடவுக்கு ஆள் சேர்ப்பவள் அவள்தான். தயங்கி நின்ற பெண்களைப் பார்த்து, "எம்புருசன் கட்டுனதுடி, இரும்புக்கோட்டை! ஏறுங்க" என்றாள். ஏறினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் அந்த வண்டி வருவதை ரெத்தினம் டீக்கடையிலிருந்து பார்த்தார். பின்னால் பாரம் அமுக்க, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தது. சக்கரம் தரையிலேயே இல்லாதபோது ஸ்டியரிங்கை ஒடித்து என்ன பிரயோசனம்? இது என்றைக்காவது ஒருநாள் கவிழும் என்று அவருக்குத் தெரிந்துபோனது.

பரிதியைத் தேடிப் போனார். "அந்த நீட்டலை வெட்டி எடுத்துரலாமாப்பா?"

"ஏண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. என் வேலை தப்பு என்று நானே சொன்னால், நாளைக்கு எவன் பட்டறைக்கு வருவான்? "சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பிவிட்டார். பாழாய்ப்போன கௌரவம்!

அன்று சாப்பிடும்போது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்சவல்லியிடம் சொன்னார்: "நாளையிலேர்ந்து முன்னாடி பரிதி பக்கத்துல உக்காந்துக்க."

"எதுக்கு?"

"பின்னாடி வெயிலு."

"அட, திடீர்னு பொண்டாட்டி மேல என்ன கரிசனம்!" என்று சிரித்தாள். சொன்னபடியே முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் விட்ட இடத்தைப் பக்கத்து வீட்டு வானதி பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியபோது மேடைக் கடைசியிலிருந்து அவள் வாசலில் நின்ற ரெத்தினத்தைப் பார்த்துக் கையாட்டினாள். அவரும் ஆட்டினார்.

தூறல் விழுந்த ஒரு காலையில், அதே ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. வண்டி பின்வாக்கில் சரிந்து வாய்க்காலில் இறங்கியது. கரை தொட்டுத் தண்ணீர் ஓடும் காலம். முன்பாதி கரையில் தொக்கி நிற்க, ஓடிவந்தவர்கள் பெண்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். மேடைக்கு அடியில் சிக்கிய வானதியை மட்டும் உயிரோடு எடுக்க முடியவில்லை.

போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "மாடிஃபைடு" என்றார். ரெத்தினம் ஆயிரம் தடவை சொல்லிப் பெருமைப்பட்ட அதே சொல். அந்த வாயிலிருந்து கேட்டபோது அது குற்றத்தின் பெயராக இருந்தது.

அம்சவல்லி சேறு அப்பிய சேலையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர்தான் கிட்டப் போனார்.

"வெயிலுக்காகத்தான் முன்னாடி உக்காரச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

"வானதிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."