ஹேங் ஆகாத மெஷின்

தெர்மாமீட்டர் என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவள் நாத்தனார். எதைக் கண்டாலும் புறங்கையால் தொட்டு சூடு பார்ப்பது அவளுடைய பழக்கம். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு, சார்ஜர், அயர்ன் பாக்ஸ் வயர், மாமனாரின் கால், எதையும் விடமாட்டாள்.

"எங்க அண்ணன் நெத்தியையாவது விட்டு வைங்க அண்ணி. மனுஷன் தூங்கட்டும்" என்பாள் நாத்தனார். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, தையல் கம்பெனியில் வேலை பார்த்துத் தன் காலில் நிற்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

தெர்மாமீட்டருக்கு வேலை, இரும்புக் கூரைகளுக்குக் கணக்குப் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில். குடோனோ தொழிற்சாலையோ, கூரை எவ்வளவு அகலம், காற்று எவ்வளவு அடிக்கும், மழை எவ்வளவு தேங்கும் என்று கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், எந்த இடத்தில் எவ்வளவு கனமான உத்தரம் வேண்டும் என்று அது சொல்லும். பெரிய கூரை என்றால் ஒரு மதியம் முழுக்க யோசிக்கும். முதலாளிக்கு அந்தப் பொறுமை இல்லை. புது மெஷின் வாங்கவும் மனமில்லை.

"இதையே கொஞ்சம் விரட்ட முடியாதாம்மா?" என்றார்.

முடியும். பிராசஸரைக் கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட வைக்கலாம். அவள் அதை ஒழுங்காகச் செய்தாள். ஒரு படி ஏற்றுவாள். விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து நாள் முழுக்க மெஷினை ஓட விடுவாள். எல்லா விடையும் சரியாக வந்தால்தான் அடுத்த படி. ஒன்றே ஒன்று பிசகினாலும் இரண்டு படி இறங்கிவிடுவாள். சோதனை நடக்கும்போது ஏசியை அணைத்து, பெட்டியின் மூடியை மாட்டி, உச்சி வெயில் நேரமாகப் பார்த்து வைப்பாள்.

"அதுக்கு வசதியான நேரத்துல பரீட்சை வெச்சு என்ன சார் பிரயோஜனம்?"

வோல்டேஜைக் கூட்டினால் திணறல் அடங்கும், ஆனால் சூடு ஏறும், பிராசஸரின் ஆயுள் தேயும் என்பதால் அதை அளவோடு நிறுத்தினாள். சூடு எல்லை மீறினால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் அவள் கை வைக்கவே இல்லை. கணக்கு முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. முதலாளிக்கு அது போதவில்லை. அவருடைய மாப்பிள்ளைக்குப் போதவே இல்லை.

மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து ஆபரேஷன் என்று அவள் மூன்று மாதம் லீவு போட்டாள். திரும்பி வந்த அன்று, வழக்கம்போல் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எப்படிப் பறக்குது பாத்தீங்களா?" என்றான் மாப்பிள்ளை. "நீங்க மாட்டு வண்டி மாதிரி ஓட்டிட்டு இருந்தீங்க."

"எவ்வளவு ஏத்துனீங்க சார்?"

"ஏத்துனேன், ஹேங் ஆச்சு. வோல்டேஜைத் தூக்கினேன், ஹேங் ஆகுறது நின்னுடுச்சு. சூடு வந்தா சோம்பேறித்தனம் பண்ணி மெதுவாப் போகும்ல, அதையும் ஆஃப் பண்ணிட்டேன்."

"டெஸ்ட்?"

"ஆன் ஆகுதுல்ல? அதான் டெஸ்ட்."

ஹேங் ஆகும் மெஷின் யோக்கியமானது. என்னால் முடியவில்லை என்று படுத்துவிடும். பயப்பட வேண்டியது படுக்காத மெஷினுக்கு. திணறிக்கொண்டே ஓடி, எங்கோ ஒரு பெருக்கலில் தடுக்கி, முகம் மாறாமல் தப்பான விடையைத் தரும். திரையில் அதுவும் மற்ற எண்களைப் போலவே சுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

லீவில் இருந்தபோது போட்ட கணக்கு ஒன்றை எடுத்து, அதையே மறுபடி ஓட விட்டாள். வேறு விடை வந்தது. மூன்றாம் தடவை இன்னொன்று. ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே மழை. நடு உத்தரத்தின் கனம் மட்டும் தடவைக்கொரு பேச்சு பேசியது.

"ஆவரேஜ் எடுத்துடுங்க" என்றான் மாப்பிள்ளை. அவன் ஜோக் அடிக்கவில்லை.

முதலாளி கேட்டது வேறு. "நாம எந்த விடையைக் கொடுத்தோம்?"

"இருக்கறதுலயே இளைச்சதை."

"கூரை போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு சார். தையல் கம்பெனியோட புது ஹால்."

"நிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

அந்த ஹாலில்தான் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

தெர்மாமீட்டர் மெஷினின் வேகத்தைப் பழைய இடத்துக்கு இறக்கி, முழுச் சோதனையும் முடித்து, கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே விடை. நடு உத்தரம் இன்னும் நல்ல கனமாக இருந்திருக்க வேண்டும். முதலாளி அதைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளியில போனா உனக்கு மட்டுமில்லம்மா, இங்க யாருக்குமே வேலை இருக்காது."

தப்பு செய்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். தங்கள் பயத்தை நமக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கூரைக்குக் கீழே உட்காரப் போவது முதலாளியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு லைன் லீடர் போஸ்ட் கிடைச்சதுல இருந்தே உங்களுக்கு வயித்தெரிச்சல் அண்ணி."

"எரியட்டும்டி. நாளைக்கு வேலைக்குப் போகாத."

"விழும்னு சொல்றீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன். இருக்க வேண்டிய பலம் இல்ல. எப்ப, எவ்வளவு தாங்கும்னு தெரியாது. தெரியாத கூரைக்குக் கீழ இத்தனை பேரை உக்கார வெச்சிருக்காங்க."

"ஒரு நாள் போகலைன்னா என் சீட்டுல இன்னொருத்தி இருப்பா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள் நாத்தனார்.

மறுநாள் காலையே மழை பிடித்துக்கொண்டது. நாத்தனாரின் டிபன் பாக்ஸைச் சாக்கு வைத்துக்கொண்டு தையல் ஹாலுக்குள் நுழைந்தாள் தெர்மாமீட்டர். வரிசை வரிசையாக மெஷின்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. மேலே பார்த்தாள். பார்த்து எதுவும் தெரியவில்லை. சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

ஹால் அடங்கியது. மழை கேட்டது. மழைக்கு நடுவே, நடு வரிசைக்கு நேர் மேலே, யாரோ விரல் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"யாரும்மா நீ? சுவிட்சைப் போடு!" மேனேஜர் ஓடி வந்தார். "தகரம்னா சத்தம் போடத்தான் செய்யும்."

இருக்கலாம். வெயிலுக்கும் மழைக்கும் தகரம் முனகும். எது முனகல், எது முறிவின் தொடக்கம் என்று காதால் சொல்ல முடியாது. கணக்கால் சொல்ல முடியும். கணக்கு சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை. மெஷின்கள் மறுபடி ஓடின. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட, அன்று மதியமே தெர்மாமீட்டரின் வேலை போனது.

புகார் கொடுக்க அரசு அலுவலகத்துக்குப் போனாள். கையில் கணக்கு இருந்தது. அதிகாரி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விழுந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப என்ன புகார்?"

ஹேங் ஆகவில்லை என்றால் விடை சரி. விழவில்லை என்றால் கூரை சரி. மாப்பிள்ளை முதல் அதிகாரி வரை எல்லோரும் ஒரே பாடம் படித்தவர்கள். முதலாளியின் அலுவலகத்து மெஷின் மறுபடி முழு வேகத்தில் ஓடுகிறதாம். இன்னும் எத்தனையோ கூரைகளுக்கு அது விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹாலில் மட்டும் ஒன்று மாறியது. நாத்தனார் தன் ஸ்டூலையும் மெஷினையும் கொஞ்சம் கதவுப் பக்கமாக நகர்த்தினாள். மறுநாள் பக்கத்திலிருந்தவள் நகர்ந்தாள். பிறகு ஒரு வரிசையே நகர்ந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது ஹாலின் நடுவே ஒரு பெரிய வெறும் தரை கிடக்கிறது. அதைச் சுற்றி, சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி பெண்கள் தைக்கிறார்கள். காற்றுக்காக ஒதுங்குகிறார்கள் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தெர்மாமீட்டர் என்று வீட்டில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நேற்று வேலை முடிந்து வந்த நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஹால் தூணை இன்னைக்குத் தொட்டுப் பாத்தேன் அண்ணி. உங்கள மாதிரியே, புறங்கையால."

"எப்படி இருந்துச்சு?"

"சில்லுன்னுதான் இருந்துச்சு. ஆனா நடுங்குது."

"மெஷின் அதிர்வா இருக்கும்டி."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு நேரத்துலதான் தொட்டேன் அண்ணி. ஒரு மெஷினும் ஓடல."