பெகோனியாப் பந்தலில் படுத்திருந்த காலம்

காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. வாயைத் துடைத்த முந்தானையில் ரத்தம். வெற்றிலைச் சாறு என்று சமாளிக்கலாமென்றால் எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று) என்றார். இடது பக்கம் மோசமாகக் கெட்டிருந்தது. சில மாதங்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டில் படுத்தே மருந்து எடுக்கலாம் என்று அனுப்பினார். "சளியில கிருமி இல்லைன்னு தெரியற வரைக்கும் பிள்ளை பக்கத்துல வரக் கூடாது" என்றார்.

நான்கு வயது வள்ளியை நாத்தனார் புக்கிட் பாருவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஞாயிறுதோறும் கூட்டி வருவாள். பிள்ளை வேலிக் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகும். எனக்கு ஒரே கவலைதான். அவளை மறுபடி தூக்குவேனா?

காற்றோட்டத்தில் படுக்க வேண்டும் என்பதால் என் வீட்டுக்காரர் ரம்புத்தான் மரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டார். கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர். அதுவரை ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைத்ததில்லை. "நாள் முழுக்கக் கீத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும்லா" என்று, எங்கிருந்தோ பெகோனியாச் செடிகளைப் பால் டின்களில் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி வைத்தார்.

வெயில் பட்டால் கருகிவிடும் செடி, நிழலில்தான் பிழைக்கும். பச்சையும் செம்பும் கலந்த இலைகள், ஒவ்வொன்றும் ஒருபுறம் பெரிது, மறுபுறம் சிறிது. இவ்வளவு கோணலாக இருந்துகொண்டு இத்தனை அழகா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வையும் கெடுத்துவிட்டது. எழுந்தால் தரை படகாக ஆடும். இதே ஊசி போட்டுக்கொள்பவர்கள் தலைசுற்றினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

நோயாளி இருக்கும் வீட்டில் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் கட்டிலைச் சுற்றித் தெளித்தார். செடிகளும் நோயாளியோடு இருப்பவைதானே என்று அவற்றையும் விடவில்லை. இலை நனைந்தே இருந்தால் பெகோனியாவுக்கு ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. இலைகளில் புள்ளி விழுந்தது, தண்டு அழுகியது. அவர் இன்னும் தாராளமாகத் தெளித்தார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செடி பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். படுத்துக் கிடந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

"செடி மேல வேணாங்க" என்றேன்.

"நல்லதுக்குத்தானே தெளிக்கிறேன்?"

"அதால இவ்வளவு நல்லதத் தாங்க முடியலைங்க."

வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். அடுத்த வீட்டில், தலைமுறைகளாகத் தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டி அம்மாள் சொன்னபடி, அழுகாத இலைகளைக் கிள்ளி, நரம்பைக் கீறி, ஈர மணலில் படிய வைத்தார்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா அன்று தெருவே திடலுக்குப் போயிருந்தது. அவர் போகவில்லை. மணல் தட்டின் முன் குந்தியிருந்தவர், "ராஜம், கீறின எடத்துல குட்டி குட்டியா முளைக்குதுலா" என்றார். தெரியாத வேலையை எடுத்து, தப்பாகச் செய்து, கோபப்படாமல் திருத்திச் செய்த அந்த மனிதரை அன்று வியந்தேன். இன்றும் வியக்கிறேன்.

பிறகு சளிப் பரிசோதனைகளில் தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்தது. "இடது நுரையீரல் சுருங்கினது சுருங்கினதுதான். ஆனா பிள்ளையக் கூட்டிக்கலாம்" என்றார் டாக்டர்.

வள்ளி வந்தாள். வேலிக் கதவு திறந்திருந்தும் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"அம்மாவுக்குச் சீக்கு. நான் வரக் கூடாது."

அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தோம். அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார்; வேண்டாமென்றேன். இடது தோள் தாழ, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, மூச்சு வாங்க நின்று நின்று போனேன். முன்பு ஓடிப்போய்த் திரும்புகிற தூரம் அது. இப்போது எத்தனை நேரம் ஆனாலும் எனக்கு அவசரமில்லை.

போய்ச் சேர்ந்தபோது அவளைத் தூக்கத் தெம்பில்லை. வேலியடியில் தரையிலேயே உட்கார்ந்தேன். வள்ளி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என் மடியில் ஏறிக்கொண்டாள்.