நாற்பத்தாறு நாளும் வீட்டில் நலம்

அன்று போனில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பாரா?

மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது வந்திருப்பார் என்று தோன்றும். துணி காயப்போடும்போது வந்திருக்க மாட்டார் என்று தோன்றும். எப்படித் தோன்றினாலும் எனக்கு வருவது கோபம்தான். வந்திருப்பார் என்றால் என் மேல். மாட்டார் என்றால் அவர் மேல்.

நாங்கள் இருப்பது இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், வரிசையாகக் கட்டிவிட்ட ஆறு வீடுகளில் நான்காவது. என் கணவர் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். நான் வல்லக்கோட்டைப் பக்கம். பி.எஸ்சி. முடித்துவிட்டு, கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் வேறொரு கம்பெனியில் இரண்டு வருடம் லைனில் நின்றேன். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போய்வந்து பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் கெஞ்சிக் கூத்தாடிக் கல்யாணம் செய்துகொண்டோம். அதனால் எதற்காகவும் அம்மா வீட்டில் போய் அழும் உரிமை எனக்கு இல்லை என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட சட்டம்.

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் ஆனபோது அவர் காஷ்மீர் வரை சைக்கிளில் தனியாகப் போகப்போவதாகச் சொன்னார். நான் அவளுக்குக் கீரை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வரட்டா பிள்ள? ஒன்ற மாசந்தான்."

"உங்க இஷ்டம்."

அவ்வளவுதான் பேச்சு. வாயில் கீரையோடு அவள் துப்பிக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முகத்தைப் பார்க்காமல் "உங்க இஷ்டம்" என்றால் அதற்கு என்ன பொருள் என்று கல்யாணமான எந்த ஆணுக்கும் தெரியும். அவர் மறுநாளே லீவு லெட்டர் கொடுத்தார்.

கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். சம்பளமில்லா லீவு, சைக்கிளின் பின்னால் சாலைப் பாதுகாப்பு என்று ஒரு போர்டு, கேட்டில் அவர் படம் போட்ட பேனர். புறப்பட்ட அன்று காலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மேனேஜர் கொடி அசைத்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற என்னிடம் வந்து, "நீங்கதான்மா உண்மையிலயே கிரேட்" என்றார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். சிரித்தேன்.

இனி நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பயணத்தைச் சாதனையாகப் பதிவு செய்ய இரண்டு நோட்டு வேண்டுமாம். ஒன்று அவர் கையில் இருக்கும். ஒவ்வொரு நாளும் போகிற ஊரில் தபால் ஆபீசிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ சீல் வாங்க வேண்டும். இன்னொன்று வீட்டில். தினமும் அவர் போன் செய்ததும் வீட்டில் ஒருவர் சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, பேசிய நேரம், ஊர், குறிப்பு. "நீ படிச்சவ, நீட்டா எழுதுவ" என்றார். அந்தக் குறிப்புக் கட்டத்தில் முதல் நாள் என்ன எழுதுவது என்று தெரியாமல் "வீட்டில் நலம்" என்று எழுதினேன். இரண்டாம் நாளும் அதையே எழுதினேன்.

எங்கள் ஒயர் லைனில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு செக் ஷீட் தொங்கும். மணிக்கு ஒரு தடவை பார்த்து ஓகே போட வேண்டும். லைன் ஓட ஆரம்பித்தால் பேனா எடுக்க நேரம் இருக்காது. அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டுக் கட்டத்திலும் ஓகே போட்டுவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு மூத்த பெண்கள் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான். நடுவில் ஏதாவது கோளாறு வந்தால் போட்ட ஓகேயை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசரிடமும் வாங்க வேண்டும். அப்புறம் ஆயிரம் கேள்வி. அதனால் யாரும் அடிக்க மாட்டோம். கோளாறைச் சரிசெய்துகொள்வோம், ஓகே அப்படியே இருக்கும்.

வேலையை விட்டாலும் கை விடவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து, ஏழு நாளுக்கும் குறிப்புக் கட்டத்தில் "வீட்டில் நலம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவைத்தேன். போன் வந்தால் நேரத்தையும் ஊரையும் நிரப்பினால் போதும். குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் நோட்டை விரிக்க முடியவில்லை. இப்படிச் சொல்லும்போதே, இது சமாதானமா உண்மையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. காலையிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல். சிரப் கொடுத்திருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும், கரண்ட் இல்லை, விசிறிக்கொண்டிருந்தேன். அவள் கண் மேலே ஏறியது. உடம்பு கட்டைபோல விறைத்து, பிறகு கையும் காலும் வெட்டிவெட்டி இழுக்க ஆரம்பித்தன. வாயோரம் நுரை. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. முதல் வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அக்கா ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? ஐயோ, வலிப்பும்மா இது! சாவி எங்க? இரும்ப கைல குடு!"

இரும்பால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனாலும் பூட்டுச் சாவியை எடுத்து அந்தச் சின்ன விரல்களுக்குள் வைத்து அழுத்தியது நான்தான். அக்கா அதற்குள் ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துவிட்டார். உள்ளே ஷிஃப்டுக்குப் போகிற பையன்கள், யூனிஃபார்மில். அக்கா போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள்.

"எறங்குங்கடா! கொயந்த இழுத்துக்கினு கீது, இன்னா மூஞ்சியப் பாத்துக்கினு கீறீங்க!"

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இழுப்பு நின்று, அவள் துவண்டு கிடந்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஊசி போட்டார்கள். காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பயப்படாதீர்கள், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். எங்களுக்குக் கட்டில் கிடைத்தபோது மணி ஐந்தரை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"வூட்டுக்காரருக்கு சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"சொல்லு. ஆம்பள வரட்டும். சைக்கிளு ஓட்னது போதும், ரயிலப் புடிச்சி வரச் சொல்லு."

ஆறு மணிக்கு வழக்கம்போல போன் வந்தது. வார்டைத் தாண்டி வராந்தாவுக்குப் போனேன். அவர் நாக்பூரைத் தாண்டியிருந்தார்.

"ஏ பிள்ள, கேட்டியா? இன்னைக்கு ஒரு லாரிக்காரர் கூடை ஆரஞ்சத் தூக்கிக் குடுத்துட்டாரு. எதுல வச்சுக் கட்டன்னு தெரியல. சட்டைக்குள்ள போட்டுட்டு வாறேன், கர்ப்பிணி மாதிரி."

சிரித்தார். பாதி தேசத்தைக் கடந்துவிட்ட குரல். நான் அவரிடம் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டதே இல்லை, கல்யாணத்தன்றுகூட.

"பாப்பா என்ன செய்யுதா?"

"தூங்குறா."

"ஏதோ பிள்ள அழுத சத்தம் கேக்கே?"

"பக்கத்து வீட்டுக் குழந்த."

"சரி, எழுதிக்கோ." அந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். கையில் நோட்டு இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லலியா? நீ இன்னாம்மா, பொம்பளையா இல்ல கல்லா?"

ஏன் சொல்லவில்லை? ஊரே பேனர் வைத்து அனுப்பியது என்னால் கெட்டுப்போனது என்று ஆகிவிடுமோ என்று பயம். சொல்லி அவர் வராவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய பயம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் என் கையெழுத்தில், வரிசை பிசகாமல், "வீட்டில் நலம்" காத்துக்கொண்டிருந்தது. அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் கேள்வி வரும். நேரத்தையும் ஊரையும் நிரப்பி மூடிவிட்டேன்.

நாற்பத்தாறாம் நாள் ஸ்ரீநகரில் கடைசி சீல் வாங்கினார். ரயிலில் வந்தார். கறுத்து, இளைத்து, பாதி மீசை வெளுத்து. பாப்பா அவரைப் பார்த்து அலறினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பெனி கேன்டீனில் பாராட்டு விழா. ஹெச்.ஆர். அதிகாரி மைக்கில் என் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "நாற்பத்தாறு நாளும் ஒரே வரி! ஒரு திருத்தம் இல்ல, ஒரு அடித்தல் இல்ல. இப்படி ஒரு குடும்பம் பின்னால இருந்தா யார் வேணாலும் காஷ்மீர் போகலாம்!" கைதட்டினார்கள். எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். பிறகு அவர் பேசினார். மேடைப் பழக்கம் இல்லாதவர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ ஒருநாக்கூட அழல. ஒருநா அவ குரல் கம்மியிருந்தாக்கூட நான் அங்கனயே சைக்கிளத் திருப்பியிருப்பேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஹாட் பாக்ஸை அவர் தலையில் எறிய வேண்டும்போல இருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! என் குரல் அன்று கம்மித்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் அழுத தொண்டை. அவருக்கு ஆரஞ்சுக் கதை சொல்லத் தோன்றியது, பக்கத்துக் கட்டில் குழந்தையின் அழுகைகூடக் கேட்டது. என் கம்மல் மட்டும் கேட்கவில்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன். அது அவருக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசியதும் நான்தான் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன வருடம் பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சலில் இழுப்பு வந்தது. இந்தத் தடவை அவர் வீட்டில் இருந்தார். அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். செருப்பில்லாமல் ஓடினார். கிளினிக்கில் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"இல்ல சார், இதான் மொத தடவ" என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

நானும் "இல்ல" என்றேன்.

பெற்ற தாய், குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் பொய் சொன்னேன். மறுநாள் தனியாகப் போய், வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்து, டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சீட்டில் திருத்தி எழுதினார். ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் காய்ச்சல் வந்தால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். "அப்பாக்கிட்ட சொல்லிடுங்கம்மா." தலையாட்டினேன். அந்தச் சீட்டு பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

பாப்பாவுக்கு இப்போது நாலு முடிந்துவிட்டது. போன வாரம் அவர் ஒரு புது நோட்டு வாங்கி வந்தார். இந்தத் தடவை மேற்கிலிருந்து கிழக்கு. குஜராத் கடலிலிருந்து அருணாசலம் வரை. தை பிறந்ததும் கிளம்ப வேண்டுமாம். தரையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன்போலக் கோடு போட்டார். பாப்பா ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாதான் எழுதுவா, என்னட்டி? அம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா" என்று அவளிடம் சொன்னார்.

கேஸை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் கோபத்தின் தொல்லையே. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், செருப்பில்லாமல் ஓடியவர். ஆனால் கிளம்பும்போது எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு தடவையாவது தெரிந்து கிளம்ப வேண்டாமா? தெரியாமல் போனதற்கு அவரை எப்படித் திட்டுவேன்? தெரியவிடாமல் செய்தது நான். ஹவுஸ் ஓனர் அக்கா இன்றும் அவர் எதிரில் வாயைத் திறப்பதில்லை. என்னைத் தனியாகப் பார்க்கும்போது மட்டும், "அந்தாளுக்கு எப்ப சொல்லப்போற?" என்கிறார்.

இப்போது சொன்னால், பயணத்தைத் தடுக்கத்தான் மூன்று வருடம் கழித்து எடுத்து விடுகிறேன் என்று நினைப்பாரோ? சொல்லாமல் விட்டு, அவர் எங்கோ வடக்கே சீல் வாங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே மறுபடி காய்ச்சல் வந்தால்? சொல்லி, அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்படியும் கிளம்பிப் போனால்? அந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயம். அப்போது, முதல் வரியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல யாராவது இருப்பீர்கள். பழைய நோட்டையும் டாக்டர் சீட்டையும் அவர் முன்னால் ஒன்றாக வைத்து, அந்த வியாழக்கிழமையை அவர் கண் எதிரிலேயே அடித்துக் கையெழுத்துப் போடலாமா? அல்லது பயணம் முடியும்வரை பொறுப்பதுதான் குடும்பத்துக்கு நல்லதா? நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள்? தை பிறப்பதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.