அருள் பிரகாஷ் போட்ட கையெழுத்து

ஆரோக்கிய ராணி கடலூர் முதுநகர்க்காரி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவள். திங்கள்கிழமை மட்டும் போகமாட்டாள். அன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர்ப்பு நாள். பதினான்கு மாதமாக ஒரே மனு: என் புருஷனைக் கப்பலிலிருந்து இறக்குங்கள்.

புருஷன் அருள் பிரகாஷ் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். முதலாளி ஒரு நாட்டுக்காரன். கப்பலில் பறந்தது இன்னொரு நாட்டுக் கொடி. வரி குறைவு, கேள்வி குறைவு என்று காசு கொடுத்து வாங்கிய கொடி. கப்பல் நிற்பது மூன்றாவது நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே. முதலாளி கம்பெனியை இழுத்து மூடிவிட்டு ஓடிப்போனான். கேப்டனையும் மற்றவர்களையும் துறைமுகக்காரர்கள் ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அருள் போட்டான்.

ஏன் போட்டான்? மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். இங்கே விசைப்படகு எங்காவது மாட்டிக்கொண்டால் ஓர் ஆள் படகிலேயே இருப்பான். ஓனர் மறுநாள் வந்துவிடுவார். படகை அநாதையாக விட்டுக் கரையேறுவது கேவலம். அந்த ரோஷத்தில் போட்டான். துணைக்குச் சேத்தியாத்தோப்பு ராஜவேலும் தங்கினான். கப்பல் ஏலம் போகும்வரை கையெழுத்துப் போட்டவன் இறங்கக்கூடாது என்பது துறைமுக நாட்டுச் சட்டம். அது பிறகுதான் தெரிந்தது.

கடல் தொழிலாளிக்கு உலக ஒப்பந்தம் இருக்கிறது. ராணியின் தெருவிலேயே இருக்கும் நான்தான் அதைப் படித்து மனு எழுதிக் கொடுத்தேன். கைவிடப்பட்ட மாலுமியைக் கொடிக்குரிய நாடு ஊர் சேர்க்க வேண்டும். அந்த நாட்டுக்கு எழுதினோம். கப்பலின் பதிவைப் போன மாதமே ரத்து செய்துவிட்டோம் என்று பதில். துறைமுக நாட்டைக் கேட்டால், எங்கள் கோர்ட் விவகாரம். நம் அரசு தொடர்ந்து வலியுறுத்தி வருகிறதாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள் எல்லாம் கை கழுவிவிட்டன. கூலிக்காரன் போட்ட கையெழுத்து மட்டும் செல்லுபடியாகிறது!

போன திங்கள் கிளார்க் சடையப்பன் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"நல்ல சேதிம்மா. ஆள் மாத்திக்கலாமாம். அந்த ராஜவேலு கையெழுத்து போட்டா உங்க வூட்டுக்காரர் மறுநாளே ஃபிளைட் ஏறலாம்."

"அவன மாத்தி வுட யாரு சார்?"

"அதெல்லாம் அவுங்க பாத்துப்பாங்க."

"எவுங்க?"

சடையப்பன் ஃபேனைப் பார்த்தார். "ஒவ்வொண்ணும் தனித்தனி சர்க்கார்ம்மா. கேட்டுக்கலாம். உத்தரவு போட முடியாது."

"எங்க தெருவுல கொழாச் சண்டைக்கே போலீசு வருது. நாலு சர்க்காரு சேந்து ஒரு ஆள மிதிச்சா எந்தப் போலீசு சார் வரும்?"

வெளியே வந்து அருளுக்குப் போன் போட்டாள். இடுப்பில் பதினொரு மாதக் குழந்தை. அவன் இன்னும் தொட்டுப் பார்க்காத குழந்தை.

"ராஜவேலு போடறேங்கிறான் ராணி. பேனாவ வச்சிக்கினு நிக்கிறான். இன்னா சொல்ற?"

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

"பேனாவப் புடுங்கி கடல்ல போடுங்க. அவன் பொண்டாட்டி லோகநாயகி மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

"யக்கா, கப்பல்ல இருக்கறதே ஒரு பேனாதான்!" என்று ராஜவேல் கத்துவது கேட்டது.

ராணி திரும்ப உள்ளே போனாள். "பேர மாத்த வேணாம் சார். ரெண்டு பேரும் எறங்கணும். அப்பிடி எழுதுங்க."

எழுத அதிகாரமில்லை என்றார் சடையப்பன்.

இந்தத் திங்கள் லோகநாயகியும் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் போட்டோ எடுக்கிறான். போட்டோ போதும். வந்து பக்கத்தில் உட்காருங்கள்.